இறுக்கமும் இதமும்

நுழையும்முன்

உயரத்திலிருந்து விழுவதற்கு அஞ்சும் மனிதன், அந்த அச்சத்தையே விளையாட்டாகவும் ஆக்கிக்கொண்டான். கேளிக்கைப் பூங்காக்களில் வானை நோக்கி வளைந்தெழும் ரோலர் கோஸ்டர் அதற்குச் சான்று. அதில் செல்லும் பயணியை இருக்கையோடு பிணைத்துக் காப்பது தோளின்மீதோ மடியின்மீதோ அமரும் ஒரு தண்டு. காக்கும் பொருள் வலிக்கவும் செய்யலாமா? இறுகப் பிடிப்பதுதான் பாதுகாப்பா? இவ்வினாக்களுக்கு விடைதேடிய பொறியாளர்களின் பயணமே இப்பாடம்.

ரோலர் கோஸ்டரின் இருக்கையில் அமர்ந்தவுடன், தலைக்குப் பின்னிருந்து ஒரு வளைந்த தண்டு இறங்கி வந்து, இரு தோள்களையும் தழுவி, மார்போடு பொருந்துகிறது. இறங்கும்போது 'டிக், டிக்' என்னும் ஒலி கேட்கிறது. உள்ளிருக்கும் பற்களில் ஒவ்வொன்றாகப் பூட்டு விழும் ஓசை அது. கீழ்நோக்கி நகரும், மேல்நோக்கி நகராது. பணியாளர் வந்து ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். வண்டி புறப்படுகிறது. இதனைத் தோள்காப்பு எனலாம். தொடைகளின்மேல் மட்டும் அமர்ந்து இடுப்பைப் பிடிக்கும் தண்டினை மடிக்காப்பு எனலாம். பார்வைக்குத் தோள்காப்பே வலியது; மடிக்காப்போ எளியது. ஆயினும் தோள்காப்பால் இயங்கிய வண்டிகள் சில மீண்டும் மடிக்காப்புக்குத் திரும்பியிருக்கின்றன. இதற்கான காரணத்தை அறிய, இவ்விளையாட்டின் தொடக்கத்துக்குச் செல்லவேண்டும்.

பனிச்சரிவிலிருந்து தண்டவாளத்துக்கு

ரோலர் கோஸ்டரின் முன்னோடி, ரஷ்ய நாட்டின் பனிச்சரிவு. மரச்சாரம் கட்டி, அதன்மேல் நீரூற்றி உறையவைத்து, அந்தச் சரிவில் மக்கள் சறுக்கி விளையாடினர். இவ்விளையாட்டு பிரான்சுக்குச் சென்றபோது பனிக்கு மாற்றாகச் சக்கரங்கள் வந்தன. 1817-இல் பாரிசில் அமைந்த சறுக்குப் பாதைகளில், பாதையைவிட்டு விலகாதபடி சக்கரங்கள் பொருத்தப்பட்டிருந்தன. பாதுகாப்பு பற்றிய முதல் சிந்தனை, பயணியைவிட வண்டியைப் பற்றியதாகவே இருந்தது என்பதை இதனால் அறியலாம்.

1884-இல் நியூயார்க் நகரின் கோனி தீவில் லாமார்கஸ் தாம்சன் என்பவர் அமைத்த 'சுவிட்ச்பேக் ரயில்வே' பெரும் வரவேற்பைப் பெற்றது. கட்டணம் ஐந்து சென்ட். வேகம் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். மிதிவண்டி அளவேயான இந்த வேகத்தில் பயணியைப் பிடித்துவைக்கத் தேவை எழவில்லை.

தேவையை உண்டாக்கியது ஒரு சிறு சக்கரம். அமெரிக்கப் பொறியாளர் ஜான் மில்லர், தண்டவாளத்தின் அடிப்பக்கத்தையும் பற்றி ஓடும் சக்கரத்துக்கு 1919-இல் காப்புரிமை பெற்றார். அதன்பின் வண்டி எத்துணை விரைவாக மேட்டைக் கடந்தாலும் பாதையைவிட்டு எழாது. ஆகவே, மேடுகள் உயர்ந்தன, சரிவுகள் செங்குத்தாயின. ஆனால், வண்டி எழாவிட்டாலும் அதில் அமர்ந்திருப்பவர் எழுவார். மேட்டின் உச்சியில் வண்டி திடீரெனக் கீழ்நோக்கித் திரும்பும்போது, பயணியின் உடல் தான் சென்ற திசையிலேயே தொடர்ந்து செல்ல முயல்கிறது. நிலைமத்தின் இவ்விளைவால் உடல் இருக்கையைவிட்டு மிதக்கிறது. இப்பயணத்தின் இன்பம் அம்மிதப்பில்தான் உள்ளது. இடரும் அதில்தான் உள்ளது. வண்டியைத் தண்டவாளத்தோடு பிணைத்த பொறியாளர்கள், மனிதரை வண்டியோடு பிணைக்கவேண்டியவராயினர். மடிக்காப்பு இன்றியமையாததாயிற்று.

வட்டம் தந்த வலி

தலைகீழாகச் சுழலும் ஆசை இதற்கு முன்பே தோன்றிவிட்டது. 1895-இல் கோனி தீவில் 'ஃபிளிப் ஃபிளாப்' என்னும் வண்டிப்பாதை அமைந்தது. ஏறத்தாழ 25 அடி விட்டமுடைய முழுவட்ட வளையத்துக்குள் வண்டி நுழைந்து, தலைகீழாகிச் சுற்றி வெளிவந்தது. பயணிகள் விழவில்லை, ஆனால், கழுத்து வலியோடு இறங்கினர். சில ஆண்டுகளிலேயே அது மூடப்பட்டது.

பிழை வட்டத்தில்தான் இருந்தது. உராய்வு இல்லையெனக் கொண்டு, முழுவட்டத்தின் உச்சியைக் கடக்கத் தேவையான மிகக்குறைந்த வேகத்தோடு ஒரு வண்டி நுழைந்தாலும்கூட, வட்டத்தின் அடியில் பயணி தம் எடையின் ஆறு மடங்கை உணர்வார் என்பது செங்குத்து வட்ட இயக்கத்தின் கணக்கு. ஐம்பது கிலோ எடையுள்ளவர் ஒரு நொடிப்பொழுது முந்நூறு கிலோவாக உணர்வார் என்று பொருள். அந்தச் சுமை படிப்படியாக ஏறுவதுமில்லை. நேர்ப்பாதை முடிந்து வட்டம் தொடங்கும் புள்ளியிலேயே அது திடீரெனத் தாக்குகிறது. தலையின் எடையைத் தாங்கும் கழுத்து அத்தாக்குதலுக்கு ஆயத்தமாக இருப்பதில்லை. எத்தகைய காப்பினைப் பூட்டியிருந்தாலும் இவ்வலியைத் தடுத்திருக்க இயலாது.

1901-இல் அதே கோனி தீவில் எட்வின் பிரெஸ்காட் என்பவர் நீள்வட்ட வளையம் ஒன்றை அமைத்தார். முன்னதைவிட அது மென்மையானது. எனினும் ஏறிச் சுற்றியவர்களைவிட நின்று வேடிக்கை பார்த்தவர்களே மிகுதி. பின்னர் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைகீழ் வளையம் ரோலர் கோஸ்டர் உலகில் தலைகாட்டவில்லை.

இரு பொறியாளர்கள், இரு வழிகள்

மீண்டும் தலைகீழாகும் துணிவு 1975-இல் பிறந்தது. கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்காவில், ஏரோ என்னும் நிறுவனம் 'கார்க்ஸ்க்ரூ' வண்டியை இயக்கியது. புட்டியின் தக்கையைத் திருகி எடுக்கும் கருவியைப்போலப் பாதை திருகிச் சென்றது. பயணிகள் இருமுறை தலைகீழாயினர். இதனை வடிவமைத்த ரான் டூமர், முன்னர் விண்வெளித் துறையில் பணியாற்றியவர். உடை மாட்டும் கம்பியை வளைத்துப் பாதையின் வடிவைக் கற்பனை செய்து பார்க்கும் வழக்கமுடையவர். சுழற்சியால் தமக்கே குமட்டல் உண்டாகும் என்பதால், தாம் வடிவமைத்த வண்டிகளில் அவர் மிக அரிதாகவே ஏறினார். தலைகீழாகும் பயணிக்கு இடுப்புப் பிடி மட்டும் போதாது எனக் கருதப்பட்டதால், தோள்காப்பு அவ்வண்டியில் இடம்பெற்றது. பின்னர்த் தோன்றிய தலைகீழ் வண்டிகள் பலவற்றுக்கு அதுவே முறையாயிற்று.

அடுத்த ஆண்டே மற்றொரு வழி திறந்தது. 1976-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு அருகிலுள்ள மேஜிக் மவுன்டன் பூங்காவில், ஜெர்மானியரான ஆன்டன் ஷ்வார்ஸ்காப் உருவாக்கிய 'ரெவல்யூஷன்' வண்டி இயங்கத் தொடங்கியது. அதன் கணக்குகளைச் செய்தவர் வெர்னர் ஸ்டெங்கல் என்னும் பொறியாளர். ஏறத்தாழ 90 அடி உயரமுள்ள அதன் வளையம் வட்டமாக இல்லை. கவிழ்த்த கண்ணீர்த்துளியைப்போல அடியில் அகன்றும் மேலே குறுகியும் இருந்தது. 'க்ளோத்தாய்டு' எனப்படும் இவ்வளைவு பொறியியலுக்குப் புதியதன்று. தொடர்வண்டிப் பாதையிலும் நெடுஞ்சாலையிலும் நேர்வழியைத் திருப்பத்தோடு அதிர்ச்சியின்றி இணைக்க அது பயன்பட்டுவந்தது. அதில் வளைவு சிறிதுசிறிதாகக் கூடுகிறது. எனவே, உடல்மீது ஏறும் சுமையும் சிறிதுசிறிதாகவே கூடுகிறது. வேகம் மிகுந்த அடிப்பகுதியில் வளைவு அகலமாக இருப்பதால் தாக்கம் குறைகிறது. வேகம் தளரும் உச்சியில் வளைவு குறுகலாக இருப்பதால், தலைகீழாக உள்ள பயணியையும் அவ்வேகமே இருக்கையோடு அழுத்திப் பிடிக்கிறது.

இதன் பயன் வியப்புக்குரியது. ரெவல்யூஷன் வண்டியில் தோள்காப்பு இல்லை. மடிக்காப்பு மட்டுமே இருந்தது. கயிறு கட்டிய வாளியில் நீர் நிரப்பித் தலைக்குமேல் சுழற்றினால் நீர் சிந்தாதிருப்பதை அறியாதார் இல்லை. அவ்வாளி நீரைப்போலவே பயணியும் தம் இடத்தில் நிலைத்திருந்தார். பயணியைப் பிடித்துவைக்கும் வேலையின் பெரும்பகுதியைப் பாதையின் வடிவமே ஏற்றுக்கொண்டது.

காப்பே மோதும்போது

தோள்காப்பு பரவிய காலத்திலேயே அதுபற்றிய குறைகளும் எழுந்தன. வண்டி பக்கவாட்டில் குலுங்கும்போது, காதுகளின் இருபுறமும் நிற்கும் தண்டில் தலை மாறிமாறி மோதியது. உயரம் குறைந்தவருக்குத் தாடையிலும் காதிலும் அடிபட்டது. உயரம் மிகுந்தவருக்குத் தோள் அழுத்தப்பட்டு வலித்தது. மகிழ்வதற்காக ஏறியவர்கள் தலைவலியோடு இறங்கினர்.

பழி தண்டின்மீது விழுந்தது. ஆனால், தலையை அதன்மீது எறிந்தது பாதை. அக்காலப் பாதைகள் பலவற்றில், வண்டி ஒருபுறமாகச் சாயும்போது தண்டவாளத்தை அச்சாகக் கொண்டே சாய்ந்தது. அச்சிலிருந்து எட்ட இருக்கும் பொருள் மிகுந்த தொலைவு வீசப்படும். பயணியின் உடலில் தண்டவாளத்திலிருந்து மிகத் தொலைவில் இருப்பது தலை. ஆதலால், இடுப்பு சிறிதே நகர்ந்தபோதும் தலை வேகமாக வீசப்பட்டது. வீசப்பட்ட இடத்தில் தண்டு நின்றது.

தீர்வு, சுழலும் அச்சினை மாற்றுவதில் கிடைத்தது. பயணியின் நெஞ்சின் உயரத்தில் ஒரு கோடு செல்வதாகக் கொண்டு, அக்கோட்டைச் சுற்றித் தண்டவாளம் திருகுமாறு பாதையை அமைத்தனர். நெஞ்சு ஏறத்தாழ அசையாதிருக்க, உடல் அதனைச் சுற்றி மெல்ல உருள்கிறது. தலையின் வீச்சு பெரிதும் குறைகிறது. 'இதயக்கோடு' என்று குறிக்கத்தக்க இம்முறையை வளர்த்தவர்களுள் ஸ்டெங்கல் முதன்மையானவர். கணினியின் துணை கிடைத்தபின், பாதையின் ஒவ்வொரு புள்ளியிலும் உடல்மீது எவ்வளவு விசை, எத்திசையில், எத்துணை விரைவில் ஏறும் என்பதை இரும்பை வளைப்பதற்கு முன்பே அறிய முடிந்தது.

தெரிந்து தெளிவோம்

ரோலர் கோஸ்டரில் பயணம் செய்வோர், முதுகையும் தலையையும் இருக்கையோடு சேர்த்து வைத்துக்கொண்டு, முகத்தை முன்னோக்கி வைத்திருக்கவேண்டும். குனிந்தோ பக்கவாட்டில் திரும்பியோ இருந்தால் கழுத்தில் சுளுக்கு உண்டாகலாம். கழுத்து, முதுகு, இதயம் ஆகியவற்றில் நோயுள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் இத்தகைய வண்டிகளைத் தவிர்க்கவேண்டும்.

ஒரே பாதை, இருவேறு காப்புகள்

ரெவல்யூஷன் வண்டியின் பிற்காலம் இவ்வுண்மையை நன்கு விளக்குகிறது. மடிக்காப்போடு பல ஆண்டுகள் ஓடிய அவ்வண்டிக்கு, 1990-களின் தொடக்கத்தில் தோள்காப்பு சேர்க்கப்பட்டது. தோள்காப்பு என்பதைக் கருத்திற்கொள்ளாமல் அமைந்த பாதை அது. பாதையும் வளையமும் மாறவில்லை; காப்பு மட்டுமே மாறியது. முன்பு இதமாக இருந்த பயணத்தில் இப்போது தலை மோதுகிறது எனப் பயணிகள் பலர் குறைகூறினர். 2016-இல், வண்டியின் நாற்பதாம் ஆண்டில், புதிய பெட்டிகள் வந்தன. தோள்காப்பு நீங்கியது, மடிக்காப்பு திரும்பியது.

இதனால் தோள்காப்பே தீது என முடிவுசெய்தல் பொருந்தாது. 1992-இல் சிகாகோ நகருக்கு அருகிலுள்ள பூங்காவில் 'பேட்மேன்' என்னும் வண்டி இயங்கத் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் பொலிகர், மபியார் ஆகிய இரு பொறியாளர்களின் நிறுவனம் அதனை உருவாக்கியது. பாதை தலைக்குமேல் செல்ல, பயணியர் கால்களைத் தொங்கவிட்டபடி அமர்ந்தனர். அதில் தோள்காப்பே பயன்பட்டது. பாதை செம்மையாகக் கணக்கிடப்பட்டிருந்ததால் தோள்காப்பு உறுத்தலாக அமையவில்லை. பின்னாளில், கெட்டியான தண்டுக்கு மாற்றாக மார்பின்மேல் மேலாடைபோலப் படியும் நெகிழ்வான காப்புகளும் வந்தன. தலையின் இருபுறமும் வெறுமையாக இருப்பதால் மோதுவதற்கு அங்கு ஏதுமில்லை. மறுபுறம், 2021-இல் ஃபுளோரிடாவின் ஆர்லண்டோ நகரில் திறக்கப்பட்ட 'வெலாசிகோஸ்டர்' நான்குமுறை தலைகீழாகிறது. அதில் மடிக்காப்பு மட்டுமே உள்ளது. எப்பாதைக்கு எக்காப்பு என்பதைப் பாதையின் விசைகளே முடிவுசெய்கின்றன.

உடலுக்கேற்ற பூட்டு

மனித உடலில் உறுதியாகப் பிடிப்பதற்கு ஏற்ற இடம் இடுப்பு. இடுப்பெலும்பும் தொடையெலும்பும் வலியவை. அவற்றை இருக்கையோடு அணைத்துப் பிடித்தால் உடல் மேலெழ இயலாது. நல்ல தோள்காப்பும் தோளை நம்பி இருப்பதில்லை; அதன் கீழ்ப்பகுதி மடியில் அமர்ந்து இடுப்பைப் பிடிக்கிறது. தோளின்மேல் செல்லும் பகுதி, மேலுடல் முன்னே சாயாமலும் பக்கவாட்டில் விலகாமலும் தடுக்கிறது. பயணி எழுந்து நிற்க முயல்வதையும் அது தடுக்கிறது.

ஆனால், எல்லா உடல்களும் ஓரளவினவல்ல. வயிறு பருத்தவருக்கு மடிக்காப்பு தொடையில் அமராமல் வயிற்றில் நின்றுவிடும். வண்டி குலுங்கும்போது வயிறு அமுங்கும். காப்புக்கும் தொடைக்கும் இடையே வெளி உண்டாகும். சிறுவருக்கு முழுதும் இறங்கிய காப்பும் தளர்வாக இருக்கும். பல பூங்காக்களில் 122 சென்டிமீட்டர் அல்லது 137 சென்டிமீட்டர் உயரம் வேண்டும் என்ற விதி இருப்பது இதனாலேயே. உயரக்கோலின் அருகே நின்று ஏமாற்றத்தோடு திரும்பும் குழந்தைக்கு அது கண்டிப்பாகத் தோன்றலாம். உண்மையில், அந்த இருக்கை அக்குழந்தையின் உடலுக்காகச் செய்யப்படவில்லை என்பதை அக்கோல் சொல்கிறது.

அமெரிக்காவில் பின்பற்றப்படும் வடிவமைப்புத் தரவிதிகள், பயணியின்மீது ஏற்படும் முடுக்கத்தின் அளவைக் கொண்டு காப்புகளை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கின்றன. முதல் வகுப்பில் காப்பே தேவையில்லை. ஐந்தாம் வகுப்பில் ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனிக் காப்பு வேண்டும், அது அவரவர் உடலுக்கேற்ப நின்று பூட்டவேண்டும், தானே பூட்டிக்கொள்ளவேண்டும், பயணி அதனைத் திறக்க இயலாததாக இருக்கவேண்டும், ஒரு பூட்டு பழுதானாலும் மற்றொரு பூட்டு தாங்கவேண்டும், பூட்டியதா இல்லையா என்பதை இயக்குபவருக்குத் தெரிவிக்கவேண்டும்.

இங்கே இதமும் பாதுகாப்பின் ஒரு கூறாகிறது. வலி தரும் காப்பினைப் பயணி முழுதும் இறங்கவிடமாட்டார். மூச்சை உள்ளிழுத்து மார்பை விரித்து, பூட்டு விழுந்தபின் தளர்த்திக்கொள்வார். வலிக்கு அஞ்சித் தலையை முன்னே நீட்டுவார். உறுத்தாத காப்பே உடலோடு ஒட்டி நிற்கும். ஒட்டி நிற்கும் காப்பே காக்கும்.

பச்சை விளக்குக்கு அப்பால்

2022 மார்ச் 24 அன்று, ஆர்லண்டோ நகரில் 430 அடி உயரமுள்ள கோபுர விளையாட்டு ஒன்றில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் ஏறினான். இருக்கைகளை உயரத்துக்குக் கொண்டுசென்று கீழே விழவிடும் விளையாட்டு அது. அதிலும் தோள்காப்பே இருந்தது. கூடுதலாக இடுப்புப் பட்டை இல்லை. இருக்கை விரைந்து இறங்கி வேகம் தணிந்தபோது, அவன் இருக்கையிலிருந்து வழுவி விழுந்து உயிரிழந்தான். இருக்கை நின்றபோதும் அவனுடைய தோள்காப்பு பூட்டியபடியே இருந்தது.

பூட்டு உடையவில்லை என்றால் பிழை எங்கே? மாநில அரசின் ஆய்வு அதனை வெளிப்படுத்தியது. காப்பு போதிய அளவு இறங்கியதா என அறியும் உணரி, அவன் அமர்ந்த இருக்கையில் கையால் மாற்றியமைக்கப்பட்டிருந்தது. பெரிய உடலுடைய அவனுக்கும் காப்பு பொருந்தியதுபோல் காட்டுவதற்கு அம்மாற்றம் இடமளித்தது. காப்புக்கும் இருக்கைக்கும் இடையே இருக்கவேண்டிய அளவைவிட மிகுந்த இடைவெளி இருந்தும், பாதுகாப்பானது எனக் காட்டும் விளக்கு எரிந்தது. அந்த விளையாட்டு மீண்டும் இயங்கவே இல்லை. 2023-இல் கோபுரம் பிரித்தகற்றப்பட்டது. அம்மாநிலம் தன் விதிகளையும் கடுமையாக்கியது.

உணரி மனிதர் வகுத்த எல்லையைத்தான் காக்கும். எல்லையை மனிதரே நகர்த்திவிட்டால் அது நகர்ந்த எல்லையையே காக்கும். 'இவ்வுடலுக்கு இவ்விருக்கை பொருந்தாது' என அந்தச் சிறுவனிடம் அன்று சொல்லியிருந்தால், அவன் சற்றுநேரம் வருந்தியிருப்பான். அந்த ஒரு சொல் சொல்லப்படவில்லை. பூங்காக்கள் பலவற்றில் இப்போது வரிசையின் தொடக்கத்திலேயே ஒரு மாதிரி இருக்கையை வைத்துள்ளனர். அதில் அமர்ந்து பார்த்துத் தமக்குப் பொருந்துமா எனப் பயணியே அறிந்துகொள்ளலாம். நெடுநேரம் காத்திருந்து, பலர் முன்னிலையில் இறக்கிவிடப்படும் கூச்சம் அதனால் நீங்குகிறது. மறுத்தலையும் மதிப்போடு செய்ய இயலும் என்பதற்கு அவ்விருக்கை ஓர் எடுத்துக்காட்டு.

தடித்த தண்டு பார்ப்பவருக்கு நம்பிக்கை தருகிறது. அந்நம்பிக்கை மட்டும் உயிரைக் காப்பதில்லை. உடலறிந்து வளைக்கப்பட்ட பாதை, பாதையறிந்து தேர்ந்த காப்பு, காப்பின் எல்லையறிந்து அதனை மீறாத பணியாளர் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தே பயணியைக் காக்கின்றன. இவற்றோடு பயணியின் கடமையும் ஒன்றுண்டு. தண்டு தொடையோடு பொருந்தியதா எனத் தாமே ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். ஐயம் எழுந்தால் கையை உயர்த்திப் பணியாளரை அழைக்கவேண்டும். வண்டி புறப்பட ஒரு நிமிடம் தாழலாம். அதனால் எவருக்கும் இழப்பில்லை.

கற்பவை கற்றபின்...

1. செங்குத்து வட்ட இயக்கத்தில் அடிப்புள்ளியிலும் உச்சியிலும் உணரப்படும் எடையை இயற்பியல் ஆசிரியரின் துணையோடு கணக்கிட்டு வகுப்பில் விளக்குக.

2. பேருந்து, மகிழுந்து, இராட்டினம் ஆகியவற்றில் பயணியைக் காக்கும் அமைப்புகளை உற்றுநோக்கி, அவை எல்லா உடலமைப்பினருக்கும் பொருந்துமா எனக் கலந்துரையாடுக.

3. 'மறுப்பதும் ஒருவகைக் காப்பே' என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.